அப்புறம் பார்க்கலாம்

பூனா
12-11-1969

அன்புள்ள மாதம்மாளுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே உன் இருமல் நின்றதா? ஆத்தா வேளைக்குச் சாப்பிடுகிறதா?

போன வாரம் இங்கே ஒரு கூத்து. பயப்படாதே, வேலைக்கு ஆபத்தில்லை. நான் காவல் இருக்கும் பங்களாவின் எசமானியம்மா ஊருக்குக் கிளம்பும்போது, வராந்தாவிலிருந்த ரோஜாத் தொட்டிகளைக் காட்டி, "லுக் ஆஃப்டர்" என்று சொன்னார்கள். லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் அப்புறம். எட்டாவது படித்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? அப்புறம் பார்க்கலாம் என்று கேட்டருகே உட்கார்ந்துவிட்டேன். நாலாம் நாள் இலையெல்லாம் சுருண்டுவிட்டது. சேலத்துச் சமையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அட மாரப்பா, அதுக்கு 'அப்புறம் பாரு'ன்னு அர்த்தமில்ல. நல்லாப் பாத்துக்கன்னு அர்த்தம்!"

அன்றிலிருந்து இருவேளையும் தண்ணீர் ஊற்றுகிறேன். நேற்று ஒரு செடி துளிர்த்திருக்கிறது. அவர்கள் வருவதற்குள் எல்லாம் துளிர்த்துவிட்டால், தைரியமாகத் தோட்டத்து அறையைக் கேட்டுவிடுவேன். அதில் இரண்டு பேர் தாராளமாகத் தங்கலாம்.

உன் பழைய சேலை ஒன்றைத் தபாலில் அனுப்பு. இங்கே குளிர் அதிகம். போர்வை இருக்கிறது, ஆனாலும் அனுப்பு.

தபால் எடுக்க ஆள் வரும் நேரம் ஆகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். மொரப்பூர் ஸ்டேஷனில், "என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்று நீ கேட்டாய். "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு நான் ரயிலேறினேன்.

அதைத் தமிழில் எடுத்துக்கொள்ளாதே, மாது. இங்கிலீஷில் எடுத்துக்கொள்.

உன்
மாரப்பன்