மொட்டைமாடியில் கண்ணாடி துடைக்கப் போனவரைத் திருடர் என்று எழுதியது பற்றி

அனுப்புநர்
பேருந்துப் பணிமனையில் வண்டி கழுவிவந்த, காலமான கண்ணாடிக்காரரின் மனைவி,
தையல் கடை மேல்மாடி,
பணிமனைப் பின்தெரு.

பெறுநர்
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: மரச்சாமான் கடை மொட்டைமாடியிலிருந்து விழுந்து இறந்த என் கணவரைத் திருட வந்தவர் என்று எழுதியிருப்பதை மாற்றித் தரவும், அந்த மாடிக்கு நான் ஒருமுறை போய்வர அனுமதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். முதலில் நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவரிடம்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நஷ்டஈடு என்று எழுதி அடியில் கோடும் போட்டுவிட்டார். எனக்கு அது வேண்டாம் என்றேன். "அப்ப எதுக்கும்மா மனு?" என்று பேனாவை மூடிவிட்டார். அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் கணவர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பணிமனையில் பேருந்து கழுவியவர். முன்கண்ணாடியை அவர் துடைத்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது என்பார்கள். ஓட்டுநர்கள் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. சுவர்க் கடிகாரத்தைத் துடைப்பார், டிவியைத் துடைப்பார், நான் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியை முகத்திலிருந்தே கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். இப்போது அது மங்கலாகத்தான் இருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சலூனுக்குப் போவார். சலூன்காரர், பார்சல் ஆபீஸ்காரர், எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் தையல்காரர், இவர், நான்கு பேரும் அங்கே ஒரு புதுக் கம்பெனியைப் பற்றிச் செல்போனில் படிப்பார்கள். காற்றிலேயே வெளிச்சத்தை அனுப்பி, அதில் பேச்சையும் படத்தையும் கொண்டுபோகிற கம்பெனி. ரோட்டைத் தோண்டி வயர் போட வேண்டாமாம். இந்தக் கரையில் ஒரு மாடியில் ஒரு பெட்டி, ஆற்றுக்கு அந்தக் கரையில் இன்னொரு பெட்டி, இரண்டும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம். "பொண்ணு பார்க்கிற மாதிரிதான். கண்ணு பார்த்தாப் போதும், சேதி போயிடும்" என்று வீட்டுக்கு வந்து எனக்கு விளக்கினார். அந்தக் கம்பெனியில் நான்கு பேரும் தங்களால் முடிந்த கொஞ்சப் பங்கு வாங்கினார்கள். அன்றிலிருந்து ஒருவரையொருவர் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். "முதலாளி, தலையை ஆட்டாதீங்க, காது போனா கம்பெனிக்குத்தான் நஷ்டம்" என்று சலூன்காரர் கத்தியோடு சொல்வாராம்.

மற்ற மூன்று பேருக்கும் அது கேலிதான். இவர் ஒருவர் மட்டும் அதை நம்பிவிட்டார். கம்பெனியிலிருந்து பங்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரு கடிதம் வந்தது. 'நமது நிறுவனத்தின் உரிமையாளர்களில் ஒருவரான தங்களுக்கு' என்று அதில் ஆரம்பித்திருந்தது. "ஓனர்னு போட்டிருக்கான் பாரு" என்று என்னிடம் காட்டினார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் வண்டியைக் கழுவிய மனிதர், ஐயா. அன்று அவர் முகம் இருந்த இருப்பை எனக்கு எழுதத் தெரியவில்லை. கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கோடையில் தூசி கிளம்பியபோது வெளிச்சம் சரியாகப் போகவில்லை என்று செய்தி வந்தது. பங்கு விலை இறங்கியது. தையல்காரர் விற்றுவிடலாம் என்றார். இவர் விடவில்லை. "பஸ் கண்ணாடியில தூசி படிஞ்சா டிரைவருக்கு ரோடு தெரியுதா? பெட்டிக்கும் அப்படித்தான் இருக்கும். யாராவது துடைக்கணும்ல" என்றார். கம்பெனியின் ஒரு பெட்டி பணிமனைக்குப் பக்கத்திலேயே, மரச்சாமான் கடை மாடியில்தான் இருக்கிறது. கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தண்ணீர்க் கேனும் பழைய தலையணை உறையும் எடுத்துக்கொண்டு அங்கே போக ஆரம்பித்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிவிட்ட உறை அது, கண்ணாடிக்கு அதுதான் நல்லது என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெட்டியின் கண்ணாடி ஆற்றைப் பார்த்து வெளிப்பக்கமாக இருக்கிறது. கைப்பிடிச் சுவர்மேல் ஏறிச் சாய்ந்தால்தான் கை எட்டும். அப்படிச் சாய்ந்தபோதுதான் கால் வழுக்கி விழுந்துவிட்டார்.

காவல் நிலையத்தில் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பெட்டியைக் கழற்றித் திருட முயன்றபோது விழுந்தார் என்றும், திருட்டுப் பொருளை எடுத்துப்போக ஒரு துணிப்பை வைத்திருந்தார் என்றும் இருக்கிறது. ஐயா, அது பை இல்லை. என் தலையணை உறை. அவர் பக்கத்தில் கிடந்தபோது அது நனைந்து அழுக்கேறி இருந்தது. அவரிடம் ஒரு திருப்புளிகூட இல்லை. கழற்ற வந்தவன் தண்ணீரையா தூக்கிக்கொண்டு வருவான்?

இதைச் சொன்னதற்கு நிலைய எழுத்தர், "இறந்தவர் மேல இருக்கிற கேஸ்மா, இந்த மாசத்தோட மூடிடுவோம். அவர் என்ன ஜெயிலுக்கா போகப் போறார்?" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். ஆனால் மூடிவிட்டால் உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே இருந்துவிடும் இல்லையா? என் மகளிடம் பள்ளிக்கூடத்தில், "உங்கப்பா என்னடி திருடப் போனாரு?" என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். "வெளிச்சத்தை" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்துதான் அழுதாள்.

கம்பெனி என்ஜினீயர் தம்பி ஒருவர் துக்கம் கேட்க வந்தார். அந்தக் கண்ணாடியைத் துணி கொண்டு துடைக்கவே கூடாதாம், மேலே இருக்கும் பூச்சு போய்விடுமாம். இவர் துடைக்கத் துடைக்க வெளிச்சம் குறைந்திருக்கலாம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆகவே ஐயா, என் கணவர் செய்தது சரி என்று நான் வாதாடவில்லை. அனுமதி கேட்காமல் போனார், தெரியாத வேலையில் கைவைத்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். முட்டாள்தனம் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். திருடர் என்று மட்டும் வேண்டாம்.

மாடிக் கதவு பூட்டியிருக்கும், அதை யார் திறந்துவிட்டது என்று விசாரிப்பீர்கள். அது எனக்குத் தெரியும். அந்த மனிதர் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு அவரைத் தெரியாதுன்னு சொல்லிட்டேன், வேலை போயிடும்னு பயந்துட்டேன்" என்று காலில் விழப் போனார். அவர் யார் என்பதை நான் எழுத மாட்டேன். நேரில் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்ல மாட்டேன், மன்னிக்கவும். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் சாட்சி இல்லாமலே இந்த எழுத்து மாற வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். பணிமனையில் யாரைக் கேட்டாலும் என் கணவர் எப்படிப்பட்டவர் என்று சொல்வார்கள். சலூன்காரர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சம்மதித்திருக்கிறார். மற்ற இருவரும் கேஸ் என்றதும் ஒதுங்கிவிட்டார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் வைத்திருக்கிறேன்.

மாடியிலிருந்து இறங்கி வரும் நாட்களில் அவர் வேறு மாதிரி இருப்பார். பேச்சு குறைந்திருக்கும், கண் மட்டும் சிரிக்கும். அங்கே அப்படி என்ன தெரிகிறது என்று கேட்பேன். "ஒண்ணும் தெரியாதுடி. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ஆனா பக்கத்துல நின்னா, எத்தனை பேர் பேச்சு நம்மளைத் தாண்டிப் போகுதுன்னு நினைச்சா உடம்பு சிலிர்க்குது. மழை நின்னதும் உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்றார். மழை நின்றுவிட்டது, ஐயா.

அந்த மாடியை இப்போது காவல்துறை பூட்டி வைத்திருக்கிறது. ஒரு பெண் காவலரைத் துணைக்கு அனுப்பி, ஒரு மத்தியானம் நான் அங்கே ஏறிப் பார்க்க உத்தரவிட வேண்டும். பெட்டியின் பக்கத்தில் போக மாட்டேன். சுவரில் ஏற மாட்டேன். அவர் நின்ற இடம் எது என்று யாராவது காட்டினால் போதும். அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்க்க வேண்டும்.

ஐயா அவர்கள் மனது வைப்பீர்கள் என்று நம்பி,

கண்ணாடிக்காரர் மனைவி
(கையொப்பம்)

இடம்: பணிமனைப் பின்தெரு
நாள்: 9.12, செவ்வாய்க்கிழமை

இணைப்பு: கம்பெனிக் கடிதத்தின் நகல்