மூன்றாம் மாடியிலிருந்து ஒரு ஒயர்

அன்புள்ளவளுக்கு,

நீ அக்கா வீட்டுக்குப் போய் இருபது நாளாகிறது. ஷோரூம்காரர்கள் எனக்கு ஓட்டக் கொடுத்த மின்சாரக் காருக்கு ஊரில் வேறெங்கும் சார்ஜ் போட வழியில்லையே! வழக்கமாக நீ மேலிருந்து இறக்கித் தரும் ஒயரை இப்போது நானே சமையலறை ஜன்னல் வழியாக மூன்று மாடி இறக்கி, கீழே ஓடிப்போய் மாட்டுகிறேன். நேற்று அப்படி மாட்டிவிட்டு மேலே வந்து, முதல்முறையாக மின் அடுப்பில் முட்டை வேகவைத்தேன். பட்டென்று ஃபியூஸ் போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. ஒரு வருஷமாக, வண்டி சார்ஜில் இருக்கும்போது நீ அடுப்பைத் தொட்டதே இல்லை. ஆறிப்போனதைச் சாப்பிட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஷோரூமில் கார் வாங்க வருகிறவர்களிடம் மட்டும், "வீட்லயே சார்ஜ் போட்டுக்கலாம் சார், ஒரு தொந்தரவும் இல்ல" என்று வாய் கிழியப் பேசினேன்.

இன்று கார் பார்க்க வந்த ஒரு டீச்சரம்மா கேட்டார்: "நெஜமாவே தொந்தரவு இல்லையா?"

"எனக்கு இல்லம்மா. எல்லாம் என் வீட்டுக்காரிக்குத்தான்."

அவர் கார் வாங்கவில்லை. "முதல்ல அவங்களப் போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு நன்றி சொல்ல இந்தத் தாள் போதாது. சனிக்கிழமை நேரில் வருகிறேன். கார் பாதி வழியில் நின்றுவிடும், அதனால் பஸ்ஸில்.

இப்படிக்கு,
கீழே நின்று ஒயரைப் பிடித்தவன்