இந்த வாரம் எந்தப் பாத்தியைக் கொத்தமாட்டீங்க?

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, அதற்குமேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள், குழந்தைக்கு இருமல் நின்றதா. என் போன் ரிப்பேர் என்று அப்பா உன்னிடம் சொல்லியிருப்பார், அது பொய், போன் காவல் நிலையத்தில் இருக்கிறது. பதறாதே, என்னைப் பிடித்து வைக்கவில்லை, மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள், அவ்வளவுதான். அப்பாவின் போனிலிருந்து நான் பேசலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது நான் வேலை செய்கிற பூங்காவுக்கென்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாயே, தினம் ஒரு படம் போடும்மா, நான் அங்கிருந்து பார்க்கிறேன் என்று. ஒரு நாள் தவறாமல் போட்டேன். பாத்தியின் நம்பர் பலகை தெரிகிற மாதிரி எடுப்பேன், எந்தப் பாத்தி என்று உனக்குத் தெரிய வேண்டுமே. முதல் மாதம் நீ லைக் போட்டாய், அப்புறம் உனக்கு வேலை, நான் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில்தான் செடிப்பிரியன் என்று ஒருவன் வந்தான். சாப்பிட்டீங்களா அம்மா, முட்டிவலி எப்படி இருக்கு அம்மா என்று தினமும் எழுதுவான். பிறகு, இந்த வாரம் எந்தப் பாத்தியைக் கொத்தமாட்டீங்க அம்மா என்பான். நானும் பூரித்துப்போய், மூன்றாம் பாத்தி, விதை போட்டிருக்கிறேன், பத்து நாளைக்குக் கை வைக்க மாட்டேன் என்று எழுதினேன். மண் அங்கங்கே பறிந்து கிடந்தது. பெருச்சாளி என்று நினைத்து மேற்பார்வையாளரிடம் பொறி கேட்டுச் சண்டை போட்டேன், அதையும் அவனிடம் சொன்னேன். சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருந்தான்.

பெருச்சாளி இல்லை கண்ணா. போதை மாத்திரையை மண்ணில் புதைத்துவிட்டு, நான் போட்ட படத்திலேயே அம்புக்குறி போட்டு, வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு குழுவில் அனுப்புவார்களாம். அவர்கள் வந்து நோண்டி எடுத்துக்கொண்டு போவார்களாம். விசாரித்த பெண் அதிகாரி என் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார், எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு. உங்க நம்பர் பலகை இல்லேன்னா அவங்களுக்கு இவ்வளவு சுலபமா இருந்திருக்காதும்மா என்றார். திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

என்னோடு பூங்காவைக் கூட்டுகிற அக்காவை உனக்குத் தெரியும், நீ கிளம்பும்போது உன் பெட்டியை ஆட்டோவில் ஏற்றினாரே, அவர்தான். அவருடைய மகள், நர்சிங் இரண்டாம் வருஷம், போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாம் பாத்திக்குப் பக்கத்து பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. யாரோ தூங்குகிறார்கள் என்று நினைத்து, மேலே தெறிக்காமல் நான் பாட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். துடைப்பத்தோடு வந்த அக்காதான் மகளை அடையாளம் கண்டார். நகத்திலெல்லாம் என் பாத்தி மண். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சு இருந்தது, அப்புறம் போய்விட்டாள்.

அக்கா மறுபடியும் வேலைக்கு வருகிறார். என் புள்ளைக்கு இடத்தைக் காட்டிக் குடுத்தது யாருன்னு தெரிஞ்சா போதும் என்று கூட்டிக்கொண்டே சொல்கிறார், நான் குனிந்து களை எடுக்கிறேன். மத்தியானம் என் டப்பாவிலிருந்துதான் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை சொல்லிவிடப் போகிறேன். அப்பா வேண்டாம் என்கிறார், அவர் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்.

நீ உன்னை நொந்துகொள்ளாதே, அவனுக்கு பதில் சொன்னது நான். வீட்டு வாசல் தெரிகிற மாதிரி குழந்தையின் படத்தை எங்கேயும் போடாதே. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், எழுதவே கூச்சமாக இருக்கிறது. செடிப்பிரியன் நீதான் என்று நினைத்திருந்தேன். வேறு பெயரில் வந்து அம்மாவோடு விளையாடுகிறாய் என்று. என் முட்டிவலியை வேறு யார் கேட்கப்போகிறார்கள். அதிகாரியிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் உன்னையும் விசாரிப்பார்கள். ஒரு நாளாவது அது நீதானா என்று ஒரு வரி எழுது. தாளில், உன் கையெழுத்தில் எழுது, அப்போதுதான் நீ என்று நம்புவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா