காதியாரின் பால்மகன்

ஹப்புகஸ்வத்தைக் கடைவீதி,
18.05.2003

அன்பு மகன் றம்ஸானுக்கு உம்மாவின் ஸலாம். அந்தப் பாலைவன வெயிலில் அல்லாஹ் உன் உடம்பை நலமாக வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன், மழை விடாமல் பெய்கிறது, நலம் என்று எழுதத்தான் பேனா வரவில்லை. உன் தங்கச்சி பஸீஹா வலது கை முறிந்து கிடக்கிறாள். வழுக்கி விழுந்தாள் என்று அவள் புருஷன் சாலி உனக்கு ஃபோனில் சொன்னானாமே, அவள் வழுக்கவில்லை மகன். றப்பர் ஷீட் உருட்டும் மெஷினின் இரும்புப் பிடியைக் கழற்றி அடித்தான் உன் மச்சான். தலையில் இறங்க வேண்டிய அடி, கையைத் தூக்கித் தடுத்திருக்கிறாள். விழுந்தவளை வயிற்றிலும் மிதித்திருக்கிறான். றப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த வெள்ளையம்மா சத்தம் கேட்டு உள்ளே ஓடி, வாளியோடு றப்பர் பாலை அவன் முகத்தில் வீசிவிட்டு இவளை இழுத்துக்கொண்டு வந்தாள். "அந்தாளு கொன்னே போட்டுருவாருங்க, இனி புள்ளைய அனுப்பாதீங்க" என்று என் காலைப் பிடித்து அழுதாள். விழுந்ததில் மண்டை உடைந்து வந்த இரத்தமும் தெறித்த றப்பர் பாலும் பஸீஹாவின் தலைமயிரில் சேர்ந்து உறைந்து போயிருந்தன, கழுவிப் பார்த்தேன், போகவில்லை, கடைசியில் கத்தரித்தேன். நீ தடவிக்கொடுத்து வளர்த்த முடிதான்.

இவனிடமிருந்து பிரித்துவிடுங்கள் என்று, நிக்காஹ் வழக்குப் பேசும் நம்மூர்க் காதியாரிடம் மனுக் கொடுத்தோம். போன ஞாயிறு விசாரணை, வழக்கம்போல அவருடைய வீட்டு விறாந்தையில், மூன்று ஜூரிமார் கதிரையில், நாங்கள் வாங்குப் பலகையில். சாலி வந்தான், செருப்பைக் கழற்றினான், ஒரு செருமல்கூட இல்லாமல் திரையை விலக்கிக்கொண்டு நேரே குசினிக்குள் போனான். பெண்கள் இருக்கிற அறைக்குள் அன்னிய ஆம்பிளை போவானா? காதியாரின் மனைவி பளீலா முக்காடுகூடப் போடாமல் அவனுக்கு ரொட்டி எடுத்து வைத்தாள். சாலியின் உம்மா அவனைப் பெற்றுவிட்டு ஜன்னி கண்டு மவுத்தானபோது பளீலாதான் அவனுக்குப் பால் கொடுத்தாள், ஊருக்கே தெரியும். அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்ததும் காதியார் பஸீஹாவைப் பார்த்து, "புருஷன் கோவத்துல ஒரு தட்டு தட்டினா வீட்ட உட்டு வாறதா மகள்? போய்ப் புள்ள குட்டியப் பெத்துக்கிட்டு சந்தோசமா இரிங்க" என்றார். போகமாட்டேன் என்றாள் அவள். சொல்லி முடிக்கவில்லை, சாலி எழுந்து வந்து மாவுக்கட்டுப் போட்ட கையிலேயே அறைந்தான். அவள் போட்ட சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது. நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து எறிந்தேன், அவன் புருவம் பிளந்தது. எனக்கு ஒரு கவலையும் இல்லை. காதியார் என்ன எழுதினார் தெரியுமா? நான் எறிந்ததை எழுதினார், அவன் அறைந்ததை எழுதவில்லை.

அப்போதுதான் கேட்டேன். "இவர் உங்கட பால்மகன், நீங்க எப்படி இந்த வழக்கைப் பேசுறது?" என்று. காதியார் சிரித்தார். "பால் குடுத்தது சொந்தமா? நான் அவனுக்கு யாருமில்ல, எல்லாருக்கும் ஒரே நீதிதான்" என்றார். எனக்கு உச்சி பற்றி எரிந்தது. "யாருமில்லாட்டி உங்கட மகள் றம்ஸியாவ அவனுக்கு நிக்காஹ் செஞ்சு குடுங்க பாப்பம்" என்றேன். ஒரே முலையில் பால் குடித்த இருவருக்கு நிக்காஹ் ஹறாம் என்று அவருக்கு நானா சொல்லிக்கொடுக்க வேண்டும்? திரைக்கு உள்ளே பளீலா "யா அல்லாஹ்" என்றாள். ஜூரிமாரில் ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இதில் நான் ஒப்பம் வைக்கமாட்டேன் என்று எழுந்து போய்விட்டார். தீர்ப்பு நின்றுபோனது. வேறு காதியாரிடம் மாற்றித் தரச்சொல்லிக் கொழும்புக்கு எழுதியிருக்கிறேன்.

ஆனால் காதியார் விடவில்லை. வாப்பா மவுத்தான பிறகு பஸீஹாவுக்குப் பொறுப்பாளி றம்ஸான்தானே, அவன் போ என்றால் அவள் போகத்தானே வேண்டும், நான் அவனோடு பேசிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உனக்கு ஃபோன் வரும். மகன், உனக்கு இந்த விசா எடுத்துத் தந்தவன் சாலி. நீ வேலை செய்வது அவனுடைய கூட்டாளியின் கடையில். அவனைப் பகைத்தால் நீ திரும்பி வரவேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பயத்தில்தான் போன தடவை "சமாதானமாகப் போகச் சொல்லுங்க உம்மா" என்றாய். காதியாருக்கு ஒரு பேச்சு, என் வயிற்றில் பிறந்தவனுக்கு ஒரு பேச்சு என்று என்னால் இருக்க முடியாது. அவனுக்குப் பால் கொடுத்த வீடு நீதி சொல்லக்கூடாது என்றால், அவன் கொடுத்த சோற்றைத் தின்கிற நீயும் சொல்லக்கூடாது. "இதில் நான் பேச முடியாது, தங்கச்சியிடமே கேளுங்க" என்று மட்டும் சொல். வேலை போனால் வா, கஞ்சியாவது காய்ச்சித் தருவேன். அவளைக் கொன்று மையித்தாக்கிக் கொண்டுவந்தால் நான் உன் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நேரான நாக்கையும் தரட்டும். தொழுகையை விடாதே, இரவில் தலையை நனைக்காதே. கடிதத்தின் அடியில் உன் தங்கச்சி தன் பெயரை இடது கையால் எழுதியிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு ஃபோனை எடு.

உன் உம்மா,
ஸுலைஹா

ப ஸீ ஹா