இரண்டு ஆணிகளுக்கு இடையில்

உங்கள் பழைய தேயிலை டின் என் காலடியில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் பூஞ்சை வாடை. உள்ளே பழைய கணினியின் இரண்டு பிளாப்பித் தட்டுகள். நான் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எனக்குப் பின்னால் சீமெந்துத் தரையில் பன்னிரண்டு குடும்பங்கள். வெளியே மழை.

நீங்கள் கண்மூடி மூன்று வருடம். தோட்டத்துப் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் ஒரு வெடிப்பைக் கண்ட நாளிலிருந்து உங்களுக்கு வேறு நினைவில்லை. வெடிப்பின் இரு பக்கமும் இரும்பு ஆணி அடித்தீர்கள். ஞாயிறுதோறும் இடைவெளியை நாடா பிடித்து அளந்து கொப்பியில் குறித்தீர்கள். "மண்ணு ஏமாத்தும், ஆணி ஏமாத்தாது. நாலங்குலம் விரிஞ்சா லயத்துல ஒரு ஆள் படுக்கக் கூடாது" என்பீர்கள். நான் உங்கள் சேற்றுச் செருப்பைப் பற்றித்தான் பேசினேன்.

அளவுகளையெல்லாம் கணினியில் ஏற்றி இரண்டு தட்டுகளில் பிரதி எடுத்தீர்கள். அடுத்த வாரமே அந்தச் சேற்றுக் கொப்பிகளை அடுப்பில் போட்டேன். உங்கள் மனைவி கன்னியர் மடத்தில் படித்தவள். வீட்டில் அழுக்கு இருக்கக் கூடாது. அதன்பிறகு ஒவ்வொரு அளவையும் தட்டுகளிலேயே சேர்த்தீர்கள். நீங்கள் போனபின் மின்னல் தாக்கி உங்கள் கணினியும் போயிற்று.

இந்த வருட மழையில் வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போயிற்று. லயத்தின் முதல் வீட்டு மாரியாயிதான் நாடாவின் மறுமுனையைப் பிடித்தாள்.

"ஐயா இருந்தப்ப இந்த ஆணியத் தொட்டா கைய ஒடிப்பேன்னாரு. இப்ப நீங்களே என்னையப் புடிக்கச் சொல்றீங்க" என்று சிரித்தாள்.

ஆணிக்கு ஆணி ஏழடி பதினோரங்குலம். தோட்ட நிர்வாகியான துரையிடம் போய்ச் சொன்னேன். "வெடிப்பு அப்பவே இருந்ததுதானே டீச்சர். முன்ன எவ்வளவு?" என்றார். பதிலை நான் எரித்திருந்தேன். மாரியாயியும் அதையேதான் கேட்டாள்: "எவ்வளவு நகந்துச்சுன்னு சொல்லுங்க டீச்சரம்மா. சும்மா வான்னா ஆட்டையும் கோழியையும் தூக்கிக்கிட்டு எந்தச் சனம் வரும்?"

ஹட்டனில் பழையதாக வாங்கிய இப்போதைய கணினியில் லினக்ஸ் இயங்குதளம் இருக்கிறது. தட்டை வாசிக்கும் பிளாப்பி டிரைவ் இல்லை. கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டேன். "அதத் தூக்கி வீசுங்க மிஸ்" என்றார். வைத்துவிட்டு, மின்னல் தாக்கிய உங்கள் பழைய கணினிப் பெட்டியிலிருந்து டிரைவை நானே கழற்றி இதில் மாட்டினேன். விளக்கு எரிந்தது. எரிந்தது அணையவில்லை. தட்டே போடாத டிரைவ் என்னையே பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பட்டை வயரைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். திருப்பிச் செருகியதும் அணைந்தது. ஆனாலும் அப்படியொரு டிரைவ் இருப்பதே லினக்ஸுக்குத் தெரியவில்லை. உங்கள் அலமாரியிலிருந்த ஆங்கிலக் கணினிக் கையேட்டை வரி விடாமல் வாசித்தேன். கணினி தொடங்கும்போது வரும் திரையில் டிரைவ் உண்டென்று மாற்றி, அதை இயக்கும் நிரலை ஏற்றும் கட்டளையையும் தட்டினேன். மூன்றாம் நாள் டிரைவ் உறுமியது.

முதல் தட்டைப் போட்டேன். தகரத்தை நகத்தால் சுரண்டுகிற சத்தம். எடுத்துப் பார்த்தால் பூஞ்சை படிந்த பரப்பில் வட்டமாக ஒரு கீறல். அது போயிற்று.

இரண்டாவதை உடனே போடவில்லை. அதன் தகர மூடியை ஒதுக்கி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றித் துடைத்தேன். டிரைவின் வாசிக்கும் முனையையும் துடைத்தேன். ஒரே தடவைதான் படிக்கும் என்று வைத்துக்கொண்டு, எந்தக் கோப்பையும் திறக்காமல், தட்டு முழுவதையும் அப்படியே பிரதி எடுக்கக் கட்டளை கொடுத்தேன். ஓரிடத்தில் முக்கி நின்றது. பிறகு நகர்ந்தது.

பிரதியைத் திறந்தேன். உங்கள் முதல் அளவு, ஏழடி ஆறங்குலம். நீங்கள் போவதற்கு முந்திய ஞாயிறு, ஏழடி ஆறரை. உங்கள் நான்கு வருடத்தில் அரை அங்குலம். நீங்கள் இல்லாத மூன்று வருடத்தில் நாலரை.

கோப்பின் அடியில், எனக்குச் சொல்லாத ஒரு வரியும் இருந்தது: 'மழை பெய்யும்போதே மலை ஊற்றுத் தண்ணீர் விழும் பீலி வற்றினால், உள்ளே மலை நகர்கிறது; அதன்பிறகு அளக்கப் போகக் கூடாது.'

தாளில் எழுதித் துரையின் மேசையில் வைத்தேன். அவர் வாசித்துவிட்டுப் பள்ளிக்கூடச் சாவியைக் கொடுத்தார். லயத்திலும் அதை வாசித்துக் காட்டியதும் எல்லோரும் இங்கே வந்தார்கள். பத்து நாள் ஆயிற்று. மலை நின்றது. கோழிக்குத் தீனி வைக்க என்று ஒருத்தி லயத்துக்குப் போனாள், சமைக்க என்று இன்னொருத்தி. நேற்று மாரியாயியும் பாயைச் சுருட்டினாள்.

"மலை உங்க பேச்சக் கேட்டு விழுகாது போல டீச்சரம்மா."

"விழாவிட்டால் என்னைத் திட்டு. விழுந்தால் திட்டுவதற்கு நீ இருக்க வேண்டும்" என்றேன். அப்போது இந்த நாற்காலியை வாசலின் குறுக்கே போட்டவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

இன்று காலை, எனக்குத் தெரியாமல் பின்வழியாகப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன மாரியாயி வெறும் குடத்தோடு வந்தாள். நனைந்திருந்தாள். என்னைக் கடந்து உள்ளே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"பீலி நின்னுருச்சு."

எல்லோரும் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மழை அப்படியே பெய்கிறது. இனி அளக்க ஒன்றுமில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனாலும் சேறு படிந்த உங்கள் நாடாவை மடியில் வைத்திருக்கிறேன். துடைக்கவில்லை.