இரண்டு காலும் எட்டியது

ஆகஸ்ட் 5

அன்புள்ள அண்ணா,

முதலில் ஒரு கெஞ்சல். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் தங்கியிருப்பவருக்கும் காட்டாதே. அவர் தன் அம்மாவுக்கு எழுதுவார், அந்த அம்மா நம் அம்மாவிடம் சொல்வார், அப்புறம் அப்பா. நீ மோட்டார் சைக்கிள் வாங்கப்போவது தெரிந்தால் அவர் என்னைத்தான் முதலில் உரிப்பார். இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவருக்கு இரண்டு சக்கரம் என்றாலே ஆகாது. நேற்றுச் சாப்பிடும்போதுகூட, "வண்டியா ஓட்டுறானுங்க? என் டயருக்கடியில இடம் காலியா இருக்கான்னு பாக்க வர்றானுங்க" என்றார். நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

எல்லோரும் தூங்கியபிறகு மேசை விளக்கின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் திட்டாதே.

பள்ளி விட்டதும் நீ சொன்ன கடைக்குப் போனேன். இரண்டு வண்டியும் இருந்தன. சிவப்பு முந்நூறு சிசி: இருக்கை உயரம் 780 மில்லிமீட்டர், எடை 158 கிலோ. கறுப்பு நானூறு சிசி: உயரம் 810, எடை 176. இரண்டிலும் முன்பின் சக்கரங்களுக்கு ஏபிஎஸ் பிரேக் உண்டு. கறுப்பு போன வருஷத்து மாடல், அதனால் விலை குறைத்திருக்கிறார்கள். இப்போது சிவப்புக்கும் அதற்கும் தவணையில் பெரிய வித்தியாசமில்லை.

உட்கார்ந்தும் பார்த்தேன். இரண்டிலும் இரண்டு காலும் எட்டியது.

இப்படிக்கு,
வாலு

பி.கு. பதிலை வழக்கம்போலக் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா முகவரிக்கே போடு.

ஆகஸ்ட் 11

என் செல்ல வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். இந்தச் சுரங்கத்தில் ஃபோனும் எடுக்காது, பக்கத்தில் கடையும் கிடையாது. நீ இல்லாவிட்டால் படத்தைப் பார்த்துத்தான் வாங்கியிருப்பேன்.

ஓட்டப் பழகி ஏழு மாதம்தான் ஆகிறது. அதுவும் இங்கே கூட வேலை செய்யும் வெல்டரின் ஓட்டை நூற்றைம்பது சிசி வண்டியில். அதனால் சிவப்பே போதும் என்று இருந்தேன். கறுப்பின்மேல் எப்போதுமே ஒரு கண் இருந்தது, ஆனால் கால் எட்டாது என்று பயம். போன விடுமுறையில் நாம் இருவரும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றோமே, அம்மா தலையில் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நூல்கூட வித்தியாசமில்ல, கால்கூட ஒரே அச்சு" என்றாளே. உன் கால் எட்டினால் என் கால் எட்டிய மாதிரிதான். கறுப்பையே பதிவு செய்துவிட்டேன். அடுத்த மாதம் லாரியில் வரும்.

இன்னொரு சேதி. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு லிஃப்டுக்கு இதுவரை நான் எண்ணெய் போடுகிறவன்தான். அதை இயக்கும் வேலைக்குத் தேர்வு வைக்கிறார்கள், மனுப் போட்டிருக்கிறேன். நான் குள்ளம் என்று இங்கே எல்லோரும் என்னை "அரைஸ்கேல்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். கூண்டின் நெம்புகோல் என் கையில் வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றாகப் படி. அப்பாவிடம் வாயாடாதே.

உன் அண்ணன்

செப்டம்பர் 9

அன்புள்ள அண்ணா,

நலமா? தையல்கார அக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். அம்மா வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் புது இயந்திரம் வந்திருக்கிறது. அதன் சத்தத்தில் வீட்டிலும் கத்திக் கத்திப் பேசுகிறாள்.

வண்டி வந்துவிட்டதா? வந்திராவிட்டால் சிவப்புக்கு மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார். சும்மாதான் சொல்கிறேன். நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நீயே ஒரு தடவை உட்கார்ந்து பார்ப்பதுதானே நல்லது. எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

உடனே பதில் போடு. இரண்டு வரி போதும்.

வாலு

செப்டம்பர் 20

வாலுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் கிடைப்பதற்கு முந்தின நாளே வண்டி வந்துவிட்டது. முதல் நாளிலிருந்தே நுனிக்காலில்தான் நின்றேன்; உனக்கு எட்டியதே, நான்தான் சரியாக உட்காரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வாங்கி நான்காம் நாள், ஷிஃப்ட் மாறும் நேரம், சுரங்க வாசலில் லாரிக்கு வழிவிட்டு நின்றேன். ஓட்டும்போது விழவில்லை வாலு, நின்றபோது விழுந்தேன். இடப்பக்கம் தரை கொஞ்சம் சரிவு. காலை ஊன்றினேன், தரை இல்லை. வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக என்னைச் சாய்த்துக்கொண்டு போய்ப் படுத்தது. கணுக்காலில் விரிசல். மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். வீட்டில் சொல்லாதே.

வலிகூடப் பெரிதில்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அரைஸ்கேல், அது உன் வண்டியா, இல்ல நீ அதோட சாவிக்கொத்தா?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் மேஸ்திரி சிரிக்கவில்லை. "நிக்கிற வண்டியைப் புடிக்கத் தெரியல, நாப்பது பேரைக் கூண்டுல வச்சு எப்படிப்பா எறக்குவே?" என்றார். அவர் கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் உள்ளே போய்விட்டது.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உனக்கு எட்டிய வண்டி எனக்கு எட்டவில்லை என்றால் குறை காலில் இல்லை. பதறியிருக்கிறேன். பதறுகிறவன் கூண்டை இயக்கக்கூடாது. முப்பதாம் தேதி மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறேன். வண்டியை வெல்டரே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான்.

நீ ஏன் மாற்றச் சொன்னாய் என்று இப்போது புரிகிறது. அண்ணன் கோழை என்று உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சொல்ல மனசு வரவில்லை, அவ்வளவுதானே?

அண்ணன்

செப்டம்பர் 25

அண்ணா,

நீ கோழை இல்லை. நான்தான்.

அன்றைக்கு நான் வண்டியில் உட்காரவே இல்லை.

எழுதிவிட்டேன். இதை எழுத மூன்று ராத்திரி ஆயிற்று. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பரீட்சை பயமாடி?" என்றாள். ஆமாம் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

சீருடைப் பாவாடையோடு போயிருந்தேன். கடையில் ஏழெட்டு ஆண்கள். விற்பனைக்காரர், "என்ன பாப்பா, பொம்மைக் கடை அடுத்த தெருவுல" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் காலைத் தூக்கிப் போட்டு எப்படி ஏறுவது? எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வண்டிமேல் தொங்கிய அட்டையில் இருந்ததை மட்டும் எழுதிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். 780க்கும் 810க்கும் மூன்று சென்டிமீட்டர்தான் வித்தியாசம். என் பென்சில் டப்பாவில் இருக்கிற ரப்பரின் நீளம். இதில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். உனக்குக் கறுப்பின்மேல் ஆசை என்றும் தெரியும். அதனால் எட்டியது என்று எழுதிவிட்டேன்.

இன்று மறுபடி போனேன். தையல்கார அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவருடைய தம்பியின் கால்சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அதே விற்பனைக்காரர். "எங்க அண்ணனுக்காகப் பாக்கணும், நானும் அவரும் ஒரே உயரம்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது, ஆனாலும் ஏறினேன்.

சிவப்பில் இரண்டு குதிகாலும் தரையில் பட்டன. கறுப்பில் கட்டைவிரல் நுனி மட்டும்தான். உயரம் மட்டுமில்லை அண்ணா, அந்த இருக்கை அகலம். தொடையை இரண்டு பக்கமும் விரித்துவிடுகிறது, கால் இன்னும் குட்டையாகிவிடுகிறது. அதை அட்டையில் போடமாட்டார்கள், உட்கார்ந்தால்தான் தெரியும். கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். அவ்வளவுதான், அந்தப் பக்கம் தரையே இல்லை, நீ எழுதிய மாதிரியே. விற்பனைக்காரர் பிடித்திருக்காவிட்டால் நானும் விழுந்திருப்பேன். "புதுசா ஓட்டுற குள்ளமான ஆளுக்கு இதை யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். நான்தான் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

நீ பதறவில்லை. இல்லாத தரையில் யார் கால் ஊன்றினாலும் விழத்தான் செய்வார்கள். அதை மேஸ்திரியிடம் சொல். என் பெயரைச் சொல்லியே சொல், இந்தக் கடிதத்தையே காட்டு. என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை. முப்பதாம் தேதி அந்த மனுவை மட்டும் திரும்ப வாங்காதே. காலையில் முதல் தபாலில் இது போனால் இருபத்தொன்பதாம் தேதி உன் கைக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "உள்ள என்னடி வெளிச்சம்? யாருக்கு எழுதுறே?"

அண்ணா, இதை இப்படியே மடித்து ஜன்னல் வழியாகக் கீழே தையல்கார அக்காவுக்குப் போட்டுவிடுகிறேன், காலையில் அவர் தபாலில்