நேற்று நான் என்ன செய்தேன்

மழைக்கு வேறு வழியில்லாமல் இன்று உங்கள் பச்சை ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கியா பார்ம் சந்தையிலுள்ள நம் கடைக்கு வந்தேன். காலரில் இன்னும் உங்கள் தலையெண்ணெய் வாசம். நடுரோட்டிலேயே கழற்றி வீசியிருப்பேன், மழை விடவில்லை.

நீங்கள் சுற்றுலா வேன் ஓட்டினீர்கள். தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு, வெள்ளைக்காரர்களை நம் ஸ்ட்ராபெரிக் கடைக்குத்தான் கூட்டி வருவீர்கள். வந்ததும் என்னைக் கூப்பிடுவீர்கள்.

"இந்தா, நீ நேத்து என்ன செஞ்சேன்னு இங்கிலீஸ்ல சொல்லு."

கல்யாணம்வரை தோட்டத்து லயத்தில் குடியிருந்து கொழுந்து பறித்தவள் நான். "யெஸ்டர்டே ஐ கோ டெம்பிள்" என்பேன்.

"கோ இல்ல லா, வென்ட்!" என்று கைதட்டிச் சிரிப்பீர்கள். அவர்களும் சிரிப்பார்கள். சிரித்த கையோடு பெட்டி பெட்டியாக வாங்குவார்கள்.

ஒரு நாள் வீட்டில் கேட்டேன். "ஏங்க, எல்லார் முன்னாலயும் ஏன் அசிங்கப்படுத்துறீங்க?"

"யாவாரம் நடக்குதுல்ல? நீ சரியா பேசிட்டா எவன் சிரிப்பான்?" என்றீர்கள், சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

அதற்குப் பிறகு மகள் இங்கிலீஸ் பாடம் படிக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். ஈட், ஏட். ஸ்லீப், ஸ்லெப்ட். உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பழகினேன். உங்களுக்குக் காட்டவில்லை. காத்திருந்தேன்.

உங்கள் சீன முதலாளி விருந்தாளிகளோடு வேனில் வந்த அன்றும் கூப்பிட்டீர்கள். நிதானமாகச் சொன்னேன்: "யெஸ்டர்டே ஐ குக்ட். ஐ வாஷ்ட் ஹிஸ் ஷர்ட். ஹி ஏட். ஹி ஸ்லெப்ட்."

நான் சமைத்தது, துவைத்தது, நீங்கள் தின்றது, தூங்கியது, ஒரு வினைச்சொல்லும் பிசகவில்லை. முதலாளி உங்களைப் பார்த்துத் தொடை தட்டிச் சிரித்தார். உங்கள் முகம் சுண்டிப்போனதைக் கண் குளிரப் பார்த்தேன்.

மறுநாளே வேனைப் பக்கத்துக் கடையில் நிறுத்தினீர்கள். நம் கடை படுத்தது. உங்களிடம் கெஞ்சவில்லை. ரோட்டில் இறங்கி, போகிற பஸ்களை நானே இங்கிலீஸில் கூவி அழைத்து விற்றேன்.

நெஞ்சுவலியில் நீங்கள் போன அன்று முதலாளி வந்தார். நீங்கள் நல்ல மனிதர் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நானும் ஏதாவது சொல்வேனென்று நின்றார். உங்களைப் பற்றி நல்லதாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன்.

"ஹி ஸ்போக் குட் இங்கிலீஷ்" என்றேன்.

அதற்கு மேல் ஒரு நல்ல சொல் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.

"கோவத்த விட்டுரும்மா, அப்பாதான் போய்ட்டாரே" என்கிறாள் மகள்.

"அவரு போய்ட்டாரு. நான் இருக்கேன்ல" என்கிறேன்.